குதிரைக்கும் சம்மதம் வேண்டும்

குதிரையோடு பழகவைத்துத் தரும் மனச்சிகிச்சையைப் பற்றிப் படித்தால், புதுச்சேரிக்காரர்களான நமக்கு மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி ஞாபகம் வரும். அதனிடம் ஆசி வாங்கி மனசு லேசாகித் திரும்பியவர்கள் எத்தனை பேர்! 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியில் தெருவிலேயே சரிந்து இறந்தபோது ஊரே அழுதது. அதன் மனசில் என்ன பாரம் என்று நாம் யாரும் கேட்டதில்லை.

குதிரைச் சிகிச்சையில் பெரும்பாலும் சவாரி கிடையாது. பக்கத்தில் நிற்பது, தேய்த்துவிடுவது, கூட நடப்பது, அவ்வளவுதான். நாம் பதறினால் அது விலகும்; அதைப் பார்த்து நம் பதற்றம் நமக்கே தெரியவரும். இதை நம்பலாமா? பெர்லினில் கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரையை உளவியலாளர் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்து 1907இல் எழுதினார். கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவர் தன்னையறியாமல் செய்த சின்னத் தலையசைவை அது கவனித்திருக்கிறது. அதற்குக் கணக்கு தெரியாது, மனுஷரைத் தெரியும்.

எனக்குக் கேள்வியே இங்கேதான். இவ்வளவு நுணுக்கமாக உணர்கிறது என்பதற்காகத்தானே அதைத் தேடிப் போகிறோம்? அப்புறம் அதை எப்படிக் கருவி என்பது? அடுத்தவர் பயத்துக்குப் பக்கத்தில் நிற்பது அதற்கும் வேலைதான். வேலை என்றால் ஓய்வு வேண்டும். ‘இன்னிக்கு முடியாது’ என்று விலகிப் போக இடமும் வேண்டும். விலக முடிகிற குதிரை நம் பக்கத்தில் வந்து நின்றால்தான் அதற்கு ஏதாவது அர்த்தம். கட்டிப்போட்ட குதிரை பக்கத்தில் நிற்பதை வைத்து நம்மைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்?