குறை எங்கே இருக்கிறது?

எங்கள் வீட்டுக் கணினியில் இருப்பது 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு. மகன் விளையாடும் புதிய கேம்களில் படம் திக்குகிறது. மகள் பிளெண்டர் மென்பொருளில் உருவாக்கும் முப்பரிமாணக் காட்சிகள் ரெண்டராகி முடிய விடிந்துவிடுகிறது. கார்டை மாற்ற வேண்டும் என்பதில் வீட்டில் இரண்டு கருத்தில்லை. எதை வாங்குவது என்பதில்தான் வழக்கு.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை விசாரித்தால் ஒரே கார்டோடு பேச்சு முடியாது. "இன்னும் மூவாயிரம் போட்டீங்கன்னா அடுத்த மாடலே வந்துடும் சார்." பொய்யில்லை. எந்தப் படியில் நின்று பார்த்தாலும் அடுத்த படி எட்டும் தூரத்தில்தான் இருக்கும். 20,000 ரூபாயில் தொடங்கியவர் அப்படியே ஏறி 50,000இல் போய் நிற்பார். வழியில் எங்கும் கணக்குத் தப்பியிருக்காது. கார்டைக் கார்டோடு ஒப்பிட்டாரே தவிர, தன் வேலையோடு ஒப்பிடவில்லை.

செலவு கார்டோடு நிற்பதுமில்லை. மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். மீதி மின்சாரம் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கியிலிருந்து தனி வயரில் வர வேண்டும். 1060க்கு மொத்தம் 120 வாட் போதும். ஆர்டிஎக்ஸ் 3060 கேட்பது 170. பழைய எஸ்எம்பிஎஸ் தாங்காவிட்டால் அதையும் மாற்ற வேண்டும், கார்டு நீளமென்றால் கேபினெட்டையும். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது காசு செலவில்லாத ஒரு சோதனை. கேமின் ரெசல்யூஷனைக் குறைத்து ஓட்டிப் பார்ப்பது. வரைய வேண்டிய புள்ளிகள் குறைந்தால் கார்டின் சுமை இறங்கும். ஓட்டம் சீரானால் தடை கார்டில் இருக்கிறது. அப்போதும் மாறவில்லையென்றால் தடை பெரும்பாலும் பிராசசரில். எவ்வளவு விலையுள்ள கார்டைச் செருகினாலும் அது பிராசசர் தரும் வேலைக்காகக் காத்துக் கிடக்கும். மகனின் கேமில் ரெசல்யூஷன் இறங்கியது, திக்கல் இறங்கவில்லை. கார்டின் மேல் இருந்த புகார் அதோடு தள்ளுபடி.

மகளின் சிக்கல் வேறு. பெரிய காட்சிகள் கார்டின் 6 ஜிபி நினைவகத்தில் அடங்குவதில்லை. அவளுக்கு வேகத்தைவிட இடம் முக்கியம். புதியதே மேல் என்ற கணக்கு இங்கே செல்லாது: 2021இல் வந்த 3060இல் 12 ஜிபி, 2023இல் வந்த 4060இல் 8 ஜிபி. கேமில் முந்துவது பின்னது. பெரிய காட்சியைத் தாங்குவது முன்னது.

பெயரும் எண்ணும் விலையும் உள்ள பொருள்மீது பழி போடுவது எளிது. வாழ்க்கையிலும் அப்படித்தான். சம்பளம் போதவில்லை என்று வேலை மாறுகிறவருக்கு உண்மையில் போதாதிருப்பது தூக்கமாக இருக்கலாம். சம்பளம் கூடும், சலிப்பு அப்படியே இருக்கும், அவர் இன்னும் பெரிய சம்பளம் தேடுவார். குறை எங்கே என்று அறிய நாம் எதையாவது கூட்டித்தான் பார்க்கிறோம். கூட்டுவதற்குப் பணமாகிறது, பணம் போட்டபின் விடை பிடிக்காவிட்டாலும் ஏற்றுக்கொள்கிறோம். குறைத்துப் பார்த்தால் அதே விடை இலவசமாகக் கிடைக்கும். ஒரு மாதம் ஓவர்டைமை விட்டுப் பார்க்கலாம். அவருக்குச் சம்பளம்தான் குறையா என்பது தெரிந்துவிடும்.

காத்திருக்கலாமே என்பாரும் உண்டு. ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கொரு முறை புதிய வரிசை வருகிறது. பழையது மலிவாகும் என்பதும் மெய். ஆனால் மகள் கற்றுக்கொண்டிருப்பது இப்போது. ஆகவே 12 ஜிபி 3060உம், அதற்கேற்ற எஸ்எம்பிஎஸ்ஸும். மகனுக்கு பிராசசர், பணம் சேர்ந்த பிறகு. இதற்கு மேலும் படிகள் இருக்கின்றன என்பதைக் கடைக்காரர் சொல்வார். அவளுடைய மிகப் பெரிய காட்சி கேட்பது 10 ஜிபிக்குள்தான். பேரம் அங்கே முடிகிறது.