ஒரு பரப்பு நிலமும் உறைபனியும்

பொங்கலுக்கு முதல் நாள் காலையில் நான் என் அலொட்மென்டுக்கு, அதாவது வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டுக்குப் போயிருந்தேன். லண்டனில் தை பிறக்கிற நேரத்தில் எட்டு மணிக்குத்தான் சூரியன் தலை காட்டும். எட்டரைக்கும் புல்லெல்லாம் வெள்ளையாகவே கிடந்தது. படலைப் பூட்டு உறைந்துபோய், உள்ளங்கைக்குள் பொத்தி ஊதி ஊதித்தான் திறந்தேன்.

அந்தக் குளிரில் என்னை அனுப்பியது அம்மா. கரும்பு, மஞ்சள் இலை, வாழைப்பழம் எல்லாம் கடையில் வாங்கி வைத்திருந்தோம். அதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் காசு குடுத்து வாங்கினதோ? உன்ரை தோட்டத்திலை சூரியனுக்கு வைக்க ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டுவிட்டார். 82 வயது. விளைந்ததைப் படைக்காத பொங்கல் அவருக்குப் பொங்கலே இல்லை.

இருந்தது. பார்ஸ்னிப் ஒரு வரிசை முழுக்க இருந்தது. மார்ச் கடைசியில் விதைத்தது. முளை காட்டவே ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்தது. பயிர் வைத்த முதல் வருடம், அக்டோபரிலேயே கிண்ட வெளிக்கிட்டேன். பக்கத்துத் துண்டில் இருக்கிற வயதான ஆங்கிலேயர் வரப்புக்கு அப்பால் நின்று கையைக் காட்டி மறித்தார். "பொறு, இரண்டு மூன்று உறைபனி விழட்டும்" என்றார். குளிர் பட்டபிறகுதான் அந்தக் கிழங்கு தன் மாச்சத்தைச் சீனியாக மாற்றத் தொடங்குமாம். சீனி கரைந்த சாறு இலேசில் உறையாது. செடி தன் உயிரைக் காக்கச் செய்கிற வேலை அது, ருசி நமக்கு.

இந்த முறை உறைபனி விழுந்து இலையெல்லாம் கருகி, கிழங்கின் தோள் மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிந்தது. சுற்றிவர மேல்மண் கல்லாக இறுகியிருந்தது. நல்ல காலம், வரிசைக்கு மார்கழியிலேயே வைக்கோல் பரப்பி விட்டிருந்தேன். அதை விலக்க, கீழே மண் கறுப்பாக, இளக்கமாக இருந்தது. ஒரு சாண் தள்ளி நாலுபல் ஃபோர்க்கை நேராக இறக்கி மெல்ல அசைத்தேன். ஆழத்தில் வால் அறுகிற சத்தம் 'டக்' என்று கேட்டது. வந்தது என் முழங்கை நீளக் கிழங்கு. மண்ணைத் துடைத்து மூக்கருகில் பிடித்தால் வேர் வாசத்தோடு ஒரு தித்திப்பு.

பிறகு லீக்ஸ். நுவரெலியா லீக்ஸ் ஊரிலேயே தின்று பழகிய எங்களுக்கு அது அந்நியமில்லை. ஆனால் இழுத்துப் பிடுங்கினால் முறிந்துபோகும், அதையும் கிளறித்தான் எடுக்க வேண்டும். பிரசல்ஸ் ஸ்பிரவுட்ஸைத் தண்டின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தேன். விரல் நுனி மரத்துப்போனது.

மறுநாள் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் அவையும் இருந்தன. அம்மா பார்ஸ்னிப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதென்ன பிள்ளை, வெள்ளைக் கரட்டோ?" என்றார். மத்தியானம் அதைத் தேங்காய்ப்பாலில் பால்கறியாக வைத்தேன். ஸ்பிரவுட்ஸ் வறை, லீக்ஸ் பிரட்டல். பால்கறியை ஒரு வாய் வைத்ததும் அம்மா நிமிர்ந்தார். "சீனி போட்டனியோ?" இல்லையம்மா, பனி போட்டது.

இப்போது கொஞ்சம் கோபித்துக்கொள்ளப் போகிறேன். அன்று காலை அவ்வளவு பெரிய இடத்தில் நாங்கள் நாலு பேர்தான் நின்றோம். எங்கள் ஆட்களின் துண்டுகளை நடந்து பார்த்தேன். பந்தலில் பாவற்கொடி காய்ந்து தொங்குகிறது, பூசணி ஒன்று அழுகிக் கிடக்கிறது. அக்டோபரில் பூட்டிவிட்டுப் போனவர்கள் இனி சித்திரையில்தான் வருவார்கள். ஒரு முழுத் துண்டு 10 ரொட். ரொட்டும் பேர்ச்சும் ஒன்றுதான். ஆகவே அது சரியாக யாழ்ப்பாணத்து ஒரு பரப்பு. ஊரில் ஒரு பரப்புச் செம்மண்ணை அரை வருடம் புல்லுக்கு விட்டவனை என் அப்பு மனிசனாக மதித்ததில்லை. கேட்கிற சனத்துக்கு நிலம் ஏற்பாடு செய்யச் சொல்லி 1908-இல் இந்த நாட்டில் சட்டமே போட்டார்கள். இன்றைக்கும் லண்டனில் பல இடங்களில் ஒரு துண்டுக்காக வருடக்கணக்கில் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். கையில் வைத்திருக்கிற நாங்கள் பாவற்காய் காய்க்கிற மாதங்களுக்கு மட்டும் விவசாயிகளாக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தச் சனிக்கிழமை ஒருமுறை போய்ப் பாருங்கள். மண் உறையாத இடத்தில் உள்ளி இப்போதும் ஊன்றலாம், அடுத்த மாதம் பிராட் பீன்ஸ் போடலாம். முடியவே முடியாதென்றால் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒரு பிள்ளைக்காரக் குடும்பம் வந்து கொத்தட்டும்.

என் வரிசையில் இன்னும் பதினொரு பார்ஸ்னிப் இருக்கிறது. மார்ச்சில் துளிர்க்கத் தொடங்கினால் நடுத்தண்டு விறகாகிவிடும், அதற்குள் எடுத்தாக வேண்டும். தைப்பூசத்துக்கு இரண்டு கிண்டிக்கொண்டு வரச் சொல்லி அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.