மகிழ்ச்சியின் விலையை யார் கொடுப்பது?

அண்மையில் ஒரு மாலை எங்கள் வீட்டில் நடந்த சிறு சம்பவம் ஒன்று பல நாட்களாக என் மனதை விட்டகலவில்லை. வாசகர்களில் பலர் தம் வீட்டையும் இதிலே காணக்கூடும்.

செபமாலையின் மூன்றாந் தேவ இரகசியம் தொடங்கியிருந்தது. இளைய மகன் பாயிலே சம்மணமிட்டு இருந்தான். உதடு அசைந்தது, கண்ணோ மாதாவின் சுரூபத்தில் இல்லை. திடீரென்று அவன் வாயிலிருந்து ‘அவுட்!’ என்றொரு சொல் தெறித்தது. மடியிலே, சட்டைக்குக் கீழே, கைத்தொலைபேசியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

செபம் முடிந்ததும் பொரிந்து தள்ளினேன். கிரிக்கெட்டா கடவுளா என்று கேட்டேன். எங்கள் காலத்தில் நாங்கள் இப்படியா இருந்தோம் என்றும் கேட்டேன். அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. மூலையில் இருந்து செபமாலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்த என் தாயார், தலை நிமிராமலே சொன்னார்: “96ஆம் ஆண்டு நீ என்ன செய்தனி, மோனை?”

எனக்கு வாயடைத்துப் போயிற்று.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறிய மக்களுள் நாங்களும் இருந்தோம். 1996 மார்ச் மாதம் தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தின் ஒரு மூலையைச் சேலையால் மறைத்து அதற்குள் சீவித்தோம். 1990 முதலே எங்களுக்கு மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்போம். சுற்றுகிறவர் களைத்தால் குரல் மங்கும். உடனே இன்னொருவர் கை கொடுப்பார்.

மார்ச் 17ஆந் திகதி லாகூரில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். மண்டபத்தில் இருந்த இளைஞர்கள் எல்லோரும் ஒரு வானொலியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். அவுஸ்திரேலியா 241 ஓட்டங்கள். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 எடுக்க, இலங்கை அணி ஏழு விக்கெட்டுகளால் வென்றது. அகதியாய் இருந்த எங்களுக்கு அந்த வெற்றி எவ்வகையிற் சொந்தம் என்று அப்போது யாரும் நின்று யோசிக்கவில்லை. கத்தினோம், கைதட்டினோம். அன்றிரவு செபமாலை ஒன்று உண்டு என்ற நினைவே எனக்கு வரவில்லை.

“அண்டைக்கு நான் தனியத்தான் செபமாலை சொன்னனான்” என்றார் அம்மா.

“ஏனம்மா எங்களைக் கூப்பிடேல்லை?”

“நீங்கள் எல்லாரும் சிரிச்சு நாலைஞ்சு மாதம். அதைக் குழப்ப எனக்கு மனம் வரேல்லை.”

பின்னர் நாட்காட்டியைப் பார்த்தேன். அந்த நாள் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. தவக்காலத்தின் நடுவிலும் மகிழுங்கள் என்று திருச்சபை தன் பிள்ளைகளை அழைக்கின்ற ஞாயிறு அது. அம்மா அதைக் கணக்குப் பார்த்துச் செய்யவில்லை. ஆனால் திருச்சபையின் மனம் அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் அன்று செய்ததும் மகன் இன்று செய்ததும் ஒன்றுதானா? இதுதான் நான் சிந்தித்த கேள்வி.

விளையாட்டும் பொழுதுபோக்கும் தம்மளவிற் குற்றமல்ல. இதை 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பு நூலில் விளக்கியிருக்கின்றார். உடல் களைத்தால் ஓய்வு வேண்டும். உள்ளம் களைத்தாலும் ஓய்வு வேண்டும். உள்ளத்தின் ஓய்வே மகிழ்ச்சி என்கின்றார். நற்செய்தியாளரான புனித அருளப்பரைப் பற்றிய பழங்கதை ஒன்றையும் அங்கே சொல்கின்றார். அருளப்பர் தம் சீடரோடு விளையாடக் கண்டு சிலர் முகஞ் சுளித்தனர். அவர்களுள் ஒருவனிடம் வில் இருந்தது. தொடர்ந்து அம்பெய்துகொண்டே இருந்தால் என்னவாகும் என்று அருளப்பர் கேட்டார். வில் முறிந்துவிடும் என்றான். மனித உள்ளமும் அப்படித்தான் என்றார் அவர். அதுமட்டுமன்று. அளவுக்கு மிஞ்சி விளையாடுவது பிழை என்று கூறும் அதே தோமஸ், தானுஞ் சிரிக்காமல் பிறர் சிரிப்பையுங் கெடுப்பவனிடமும் குற்றம் காண்கின்றார். அன்று மாலை மகன் ஒரு பக்கம் தவறினான் என்றால், தகப்பனாகிய நான் மறு பக்கம் தவறினேன் போலும்.

அடுத்து, ‘எங்கள் காலம்’ என்று நான் பெருமையடித்தேனே, அதையும் சற்று உரசிப் பார்ப்போம். அன்று ஒரு வானொலியைச் சுற்றி ஊரே கூடியது உண்மை. இன்று ஆளுக்கொரு கைத்தொலைபேசி. ஒரே கூரையின் கீழ் நாலு பேர் நாலு மூலையில். ஆயினும் அன்று நாம் கூடியிருந்தது நம் புண்ணியத்தாலா? இருந்தது ஒரேயொரு வானொலி. சுற்றுவதற்குப் பல கைகள் தேவைப்பட்டன. வேறு வழியில்லாமற் கூடினோம். இல்லாமை வேறு, துறவு வேறு. இல்லாதவன் விட்டுக்கொடுத்தான் என்று சொல்ல முடியாது. இருப்பவன் தானாக விரும்பி விடும்போதுதான் அது துறவு. அப்படிப் பார்த்தால், நமக்கு அன்று கிடைக்காத வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு இன்று கிடைத்திருக்கின்றது.

கார்லோ அக்குதிஸ் என்ற இத்தாலிய இளைஞனை நம் பிள்ளைகள் அறிவார்கள். 1991இற் பிறந்து, 2006இல் தமது 15ஆம் வயதில் வெண்குருதிப் புற்றுநோயால் இறந்த அவருக்கு 2025 செப்டெம்பர் 7ஆந் திகதி பாப்பரசர் பதினான்காம் லியோ புனிதர் பட்டம் அளித்தார். கார்லோ கணினியில் வல்லவர். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து உலகறியச் செய்தவர். கணினி விளையாட்டும் அவருக்கு விருப்பம். ஆயினும் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் மட்டுமே என்று தமக்குத் தாமே எல்லை வைத்திருந்தார். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் உதைபந்தாட்டப் பிரியர். புவனஸ் அயர்ஸ் நகரின் சான் லொரென்சோ கழகத்தின் அபிமானி. ஆனால் தொலைக்காட்சி பார்ப்பதில்லை என்று 1990இல் தேவதாய்க்குக் கொடுத்த வாக்கைக் கடைப்பிடித்து வந்ததாக அவரே கூறியிருந்தார். இருவரும் தம் விருப்பத்தை வெறுக்கவில்லை. அதற்கு அடிமையாகவும் இல்லை. எல்லாம் அனுமதிக்கப்பட்டிருந்தாலும் எதுவும் தம்மை ஆள விடமாட்டேன் என்று கொரிந்தியருக்கு எழுதிய புனித சின்னப்பரின் மனமும் இதுவே.

இனி உணவுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பு அந்நாளில் மாமிசத்தையோ, ஆயர் பேரவை குறிக்கும் வேறு உணவையோ தவிர்க்கச் சொல்கின்றது. நாமும் இறைச்சியைத் தொடுவதில்லை. பதிலுக்கு என்ன? நண்டும் இறாலும் மீன்தலையும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் போட்டு ஒடியற்கூழ். பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடித்தால் எந்த இறைச்சிக் கறி அதற்கு ஈடாகும்? சட்டம் நிறைவேறிவிட்டது. ஒறுத்தல் நடந்ததா? ஒருவருக்கு நடந்தது. காலை முதல் நண்டு உடைத்து, இறால் கோது கழற்றி, அடுப்படியில் வெந்த இல்லத்தரசிக்கு நடந்தது. நாம் கூழ் குடித்தோம். வெள்ளிக்கிழமையை அவர் அனுசரித்தார்.

இங்கேதான் என் கேள்விக்கு ஒரு விடை தென்பட்டது. இந்தப் பொருள் நல்லதா கெட்டதா, இந்த விளையாட்டுப் பாவமா இல்லையா என்று மட்டும் கேட்டால் போதாது. என் மகிழ்ச்சியின் விலையை யார் கொடுக்கின்றார்? இதையும் கேட்கவேண்டும். 1996இல் எங்கள் ஆரவாரத்தின் விலையை, சேலை மறைப்புக்குப் பின்னால் தனியே இருந்து ஒரு தாய் கொடுத்தார். அவர் மனமுவந்து கொடுத்தார். அதனால் அது அன்பாயிற்று. ஆனால் அவர் கொடுக்கின்றார் என்று நான் அறியாமலே பெற்றுக்கொண்டேன். அறிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடங்கள் சென்றன. என் குற்றம் கிரிக்கெட் கேட்டதில் இல்லை. திரும்பிப் பாராமல் இருந்ததில் இருக்கின்றது. அந்த விதத்தில் நானும் மகனும் ஒன்றுதான்.

தந்தையரே, தாய்மாரே, பிள்ளைகளைத் திருத்த முன் நம் கையையும் பார்ப்போம். பிள்ளையின் கைத்தொலைபேசியைப் பறிக்கின்ற நான், மகள் பாடசாலைக் கதை சொல்ல வரும்போது என் கைத்தொலைபேசியிற் செய்தி பார்த்தபடி ‘ம்’ கொட்டுகின்றேன். அந்தச் செய்தியின் விலையை அவளே கொடுக்கின்றாள். பிள்ளைகளே, விளையாட்டைப் பாருங்கள், மகிழுங்கள். நீங்கள் மகிழும் நேரத்தில் வீட்டிலே தனித்திருப்பவர் யார் என்று ஒருமுறை தலைதூக்கியும் பாருங்கள்.

இப்போது செபமாலை நேரத்தில் எங்கள் வீட்டுக் கைத்தொலைபேசிகள் எல்லாம் சுரூபத்தின் கீழ்த் தட்டில் இருக்கின்றன. முதலில் வைக்கப்படுவது என்னுடையது. சென்ற வாரமும் ஒரு ஆட்டம் இருந்தது. செபம் முடிந்து பிதா சுதன் போட்ட கையோடு மகன் எழுந்தான். அவனுக்கு முன்னே அம்மாவின் குரல் வந்தது:

“எடுத்துப் பார், ராசா, ஆர் வெல்லுறாங்கள்? எனக்கும் கேக்கத்தக்கதாச் சொல்லு.”

அன்று நாங்கள் எல்லோரும் ஒரே பாயில் இருந்து பார்த்தோம். வெள்ளிக்கிழமைக் கூழுக்கு நண்டு உடைக்கும் வேலையை யார் பொறுப்பேற்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.