ஒன்றும் ஆகாது

பயந்தவனிடம் பொய் சொல்லலாமா? இந்தக் கேள்வி எனக்குப் படகிலிருந்து கிடைத்தது. ஒரகடத்துக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வாஸ்தவம், அங்கே இருப்பவை கார் ஆலைகளும் கன்டெய்னர் லாரிகளும், மழை பெய்தால் நிரம்பும் சில ஏரிகளுந்தான். ஆனால் அங்கே ஓர் ஆலையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் ஞாயிறுதோறும் சென்னைத் துறைமுகத்துக்குப் போய்ப் பாய்ப்படகு விடக் கற்றுக்கொள்கிறார். சென்னைக்கு இது புதிதல்ல. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லேயே ஏற்பட்டுவிட்டது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் படகு ஓட்டிய நேத்ரா குமணன் சென்னைப் பெண்தான். நம் இளைஞருக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. தண்ணீரைக் கண்டால் வரும் நடுக்கம் போனால் போதும் அவருக்கு.

இருவர் ஏறும் சிறு படகு. ஒருவர் சுக்கானைப் பிடிப்பார். மற்றவர் துணையாள், படகு சாயும்போது எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்து எடை கொடுப்பது அவர் பொறுப்பு. திடீரென்று காற்று வலுக்கிறது. படகு ஒருக்களிக்கிறது. புதியவர் என்ன செய்வார்? கையில் இருப்பதை இறுகப் பற்றுவார். மாடிப்படியில் கால் தடுக்கினால் நாம் செய்வதும் அதுதானே? ஆனால் அவர் கையில் இருப்பது பாயின் கயிறு. அதை இழுக்க இழுக்கப் பாய் இன்னும் காற்றை வாங்கும். படகு இன்னும் சாயும். கயிற்றைத் தளர்த்திவிட்டாலோ பாய் படபடவென்று அடித்துக்கொண்டு காற்றைக் கொட்டிவிடும், படகு நிமிர்ந்துகொள்ளும். பிழைக்க வேண்டுமானால் பிடியை விடு என்றால் எந்த உடம்பு கேட்கும்?

இளைஞருக்கு வாய்த்த முதல் வாத்தியார், "ஒன்றும் ஆகாது தம்பி" என்று சொல்லிச் சொல்லி ஏற்றினார். மூன்றாம் வாரம், கவிழ்ந்த படகை நிமிர்த்தக் கற்பிக்க வேண்டுமென்று, சொல்லாமலே படகைக் கவிழ்த்துவிட்டார். மிதவைச் சட்டை இருந்தது, அபாயம் இல்லை. ஆனாலும் இளைஞர் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

"கடல் மட்டும் சொல்லிவிட்டா கவிழ்க்கிறது?" என்று அந்த வாத்தியார் கேட்டாராம். கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் கடலை நம்பி எவனும் படகில் ஏறுவதில்லை. வாத்தியாரை நம்பித்தான் ஏறுகிறான். கடலுக்கு இல்லாத கடமை அவருக்கு உண்டு.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் இருக்கலாம் என்று வள்ளுவரே சலுகை கொடுத்திருக்கிறாரே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சலுகை இருக்கிறது, இங்கே நன்மை விளைகிறதா என்பதுதான் என் சந்தேகம். படகு முதல் தடவை சாய்ந்தவுடனே 'ஒன்றும் ஆகாது' பொய்யாகிவிடுகிறது. அடுத்த கணம் அதே வாய், "கயிற்றை விடு" என்கிறது. உடம்பே நம்ப மறுக்கும் ஒரு கட்டளையை, பொய்யென்று தெரிந்துபோன வாயிலிருந்து அவன் எப்படி ஏற்பான்?

ஆற அமரக் கற்பிப்பவருக்கு இதெல்லாம் சரி, அவசரத்தில்? 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. ஒரகடத்திலிருந்து கிழக்கே, படப்பையைத் தாண்டி வந்தால் அந்த ஊர்கள்தாம். கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஜனங்களை மீட்டார்கள். ஏறியவர்களில் எத்தனை பேர் அதற்குமுன் படகில் கால் வைத்திருப்பார்கள்? அப்போது போனவர்களில் ஒருவரிடம், என்ன சொல்லி ஏற்றினீர்கள் என்று கேட்டேன்.

"படகு ஆடும்மா, ஆடினா எழுந்திருக்காதீங்க, நடுவுல குந்துங்கன்னு சொல்வோம். வேற என்னா சொல்றது?" என்றார். அப்படியும் ஒரு பாட்டி நடுவெள்ளத்தில் எழுந்துவிட்டாராம். பக்கத்திலிருந்த பெண் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாளாம். கரை வந்து சேரும்வரை அந்த முந்தானையை அவள் விடவே இல்லையாம்.