சத்தம் கேக்குது, பேச்சு கேக்கல

ஒரு கல்யாணப் பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாதஸ்வரம், ஸ்பீக்கர், நூறு பேரின் பேச்சு. அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் குனிந்து, "பையனுக்கு வேலை போயிடுச்சுப்பா" என்றார். அப்பா சிரித்தபடி, "ரொம்ப சந்தோஷம்" என்றார். அவர் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் கோபமாகக் கேட்டேன்: "காதுல மிஷின் இருக்குல்ல, கொஞ்சம் கவனிச்சுக் கேக்கக் கூடாதா?" அப்பா சொன்னார்: "சத்தமெல்லாம் நல்லாத்தான் கேக்குது. பேச்சுதான் கேக்கல."

என்ஜினியர் புத்தி எனக்கு. வால்யூமைக் கூட்டினால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் இரைச்சலில் பேச்சைக் கேட்பது என்பது பிரித்தெடுக்கும் வேலை. ஒரு குரல் இரு காதுகளையும் வந்தடையும் நேரத்தில் அதிகபட்சம் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான வித்தியாசம்தான் இருக்கும். அதை வைத்தே குரல் எந்தத் திசையில் இருக்கிறது என்று மூளை கணக்கிடுகிறது. உட்செவியின் மயிர்ச்செல்கள் ஒலியை அலைவரிசை வாரியாகப் பிரிக்க உதவுகின்றன. அவை அழிந்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. அப்புறம் பேச்சும் இரைச்சலும் ஒன்றாகக் கலந்துதான் உள்ளே போகும். மிஷின் அந்தக் கலவையைப் பெரிதாக்கும், ஆனால் முழுசாகப் பிரித்துத் தராது.

சரி, காது நன்றாக இருப்பவர்கள் எல்லாவற்றையும் கேட்கிறோமா? 1953-இல் காலின் செர்ரி இரண்டு காதுகளில் இரண்டு வேறு பேச்சுகளை ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்ற காதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதைக்கூட ஆட்கள் கவனிக்கவில்லை. 1959-இல் நெவில் மோரே அந்தக் கவனிக்காத காதில் கேட்பவரின் பெயரைச் சொல்லிப் பார்த்தார். சுமார் மூன்றில் ஒரு பங்கினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நமக்கு வேண்டியதற்கு மட்டும் உள்ளே ஒரு கதவு லேசாகத் திறந்திருக்கிறது.

தமிழில் 'கேக்கல' என்பது காதுக்கும் பொருந்தும், மனசுக்கும் பொருந்தும். 'சொன்ன பேச்சு கேக்கல' என்றால் அது குற்றச்சாட்டு. நான் அப்பாவின் காதில் இருந்த குறையை அவர் மனசின் குறையாக்கிவிட்டேன். வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அவர் மூன்று முறை கூப்பிட்ட பிறகு "கேக்கலப்பா" என்று சொல்பவன் நான். இரண்டில் எது தேர்வு, எது இயலாமை?

1954-இல் சம்பியும் பொல்லாக்கும் இன்னொன்றைக் காட்டினார்கள்: இரைச்சல் கூடக்கூட, பேசுபவரின் முகத்தைப் பார்ப்பது அதிகம் உதவுகிறது. அப்படியென்றால் கேட்பதில் பாதி வேலை, முகம் காட்டிப் பேச வேண்டியவருடையது.

இதெல்லாம் யோசித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பந்தியில் இரண்டு பேர் சொன்னதையும் முழுசாகக் கேட்டவன் நான் ஒருவன்தான். "மாமா, அப்பாவுக்குச் சரியா விழல" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். வெட்கப்பட்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவருக்கு போன் செய்தேன். அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்காகக் கேட்டேன்.