டேங்குக்குள் எந்த அளவை?

மணலியில் எண்ணெய் டேங்க் சுத்தம் செய்யும் ஒப்பந்த வேலையில் ஃபிட்டராக இருந்தவன் நான். வீடு திருவொற்றியூரில். வேலையை விட்ட பிறகு சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். அங்கே அளவை பற்றிப் பாடம் நடந்தால் எனக்கு டேங்க்தான் ஞாபகம் வரும்.

உண்மையை அறியக் காண்டல், கருதல், உரை என்று மூன்று வழிகள். டேங்குக்குள் முதல் இரண்டும் உதவாது. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்வரை அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்; அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நேற்று இறங்கியவன் நல்லபடியாக ஏறி வந்தான் என்று இன்றைக்குக் கணக்குப் போடவும் முடியாது. கசடைக் கிளறினால் அடியில் தங்கிய வாயு எழும். மிச்சம் இருப்பது உரை. அதாவது சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட பெர்மிட்.

யார் சொல்லை நம்பலாம்? விஷயம் தெரிந்தவர், பொய் சொல்லாதவர் என்கிறது நியாய சாஸ்திரம். எங்களுக்கு அது போதவில்லை. ஒரு சூப்பர்வைசர் நன்றாகப் படித்தவர், பொய்யும் சொல்லமாட்டார். ஆனால் ஏசி அறையில் உட்கார்ந்தே பெர்மிட் எழுதுவார். இன்னொருவர் வாயைத் திறந்தால் வசவுதான். ஆனால் மீட்டரைத் தானே உள்ளே இறக்கிப் பார்ப்பார்; ஆள் ஏறி வரும்வரை, டீ வந்தாலும், மேன்ஹோலை விட்டு நகரமாட்டார். அவர் "இறங்குடா" என்றால் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவும் சான்று தருபவர் தானே சோதித்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னது. அந்தச் சான்று இல்லாமல் இறங்குவதானால் சுவாசக் கருவியும், வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிறும் வேண்டும் என்றது.

எங்கள் ஊர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. சொத்தையெல்லாம் ஊருக்கு வாரிக் கொடுக்கச் சொல்லிவிட்டு அவர் துறவியானார். சொன்னபடி செய்த கணக்கர் சேந்தனாரை அரசன் சிறையில் போட்டான் என்பது கதை. இந்த இடம் எனக்கு நெருடும். எல்லாவற்றையும் துறந்தவர், தான் இட்ட உத்தரவையும் துறந்துவிடலாமா? சேந்தனாரின் மனைவி போய் முறையிட்டதும் பட்டினத்தார் சிவனை வேண்டி அவரை விடுவித்தாராம். வகுப்பில் இதை இறையருளுக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். நான் நல்ல மேலாளுக்குச் சான்றாக வைத்துக்கொள்கிறேன்.

எண்ணூரிலும் மணலியிலும் இன்றைக்குப் பெர்மிட் எழுதும் தம்பிகளே, கையெழுத்தை மேன்ஹோல் பக்கத்தில் நின்று போடுங்கள். ஆள் வெளியே வந்த பிறகு அங்கிருந்து கிளம்புங்கள்.