நாடோடி முகில்

நிலையான வீடும் வேலியிட்ட நிலமும் இல்லாத மக்களைப் ‘பண்படாதோர்’ எனக் கூறுவது நமக்குப் பழகிப்போன வழக்கு. இது நீதியானதா?

ஆங்கிலேய வானியல் அறிஞர் பிரெட் ஹொயில் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கருமுகில்’ என்னும் நாவல் இவ்வினாவை நம்முன் எழுப்புகிறது. அதில் வரும் உயிருக்குக் கையில்லை, காலில்லை, நிலைத்த உருவமுமில்லை. பரந்ததொரு வாயுத்திரள் அது. சூரியனிடம் சக்தி பெற்றபின் வேறொரு நட்சத்திரத்தை நாடிச் செல்லும் நாடோடி. ஆயினும் அறிவில் மனிதரை விஞ்சுகிறது. கோள்களில் ஒட்டி வாழும் உயிர்களுக்கும் சிந்தனை உண்டென அறிந்து, அதுவன்றோ வியப்படைகிறது! அதன்மீது அணுவாயுத ஏவுகணைகளை எய்தவையோ ‘நாகரிக’ வல்லரசுகள்.

இது கற்பனையே. ஆனால், அவுஸ்திரேலியப் பூர்வீகக் குடிகள் உழவில்லை, வேலியிடவில்லை எனக் காரணங்காட்டி, அவர்தம் மண்ணை எவருக்கும் சொந்தமில்லாத நிலமாகக் கொண்ட குடியேற்றவாதிகளின் சட்டம் கற்பனையன்று. 1992ஆம் ஆண்டிலேதான் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அக்கோட்பாட்டை நிராகரித்தது.

ஆகவே, ‘பண்படாதோர்’ என்னும் சொல் அறிவை அளந்த கோலன்று; பறித்தவர் தம் செயலுக்குத் தேடிக்கொண்ட நியாயமே அது. பாடநூலில் அச்சொல்லைக் காணுந்தோறும், அதனால் ஆதாயம் அடைந்தவர் யாவர் என நாம் வினவுவோமாக.